ஒன்பதாவது துண்டு

ருஷ்யாவின் வடக்கே, கோமி காட்டில் ஓடும் அந்தச் சின்ன ஆற்றில், வேட்டைக் குடிலிலிருந்து ஊர் வரைக்கும் ஒன்பது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் படகைத் திருப்புவார்கள். அன்று காலை ஒக்சின் ஒன்பது துண்டுகளை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு துடுப்பைப் பிடித்தாள். அவள் கணவன் மித்ரேய் வயிற்றைப் பிடித்தபடி படகில் சுருண்டு கிடந்தான்.

"எத்தனை வளைவு ஆச்சு?" என்று முனகினான்.

"ஆறு. பேசாமப் படு. உனக்குப் பதிலா ஒரு கரடிய ஏத்திட்டு வந்திருக்கலாம், அதுவாவது வாய மூடிட்டு வரும்."

எட்டாவது துண்டைப் போட்டுப் படகைத் திருப்பினாள். ஒன்பதாவது வளைவு வர வேண்டிய இடத்தில் ஊர்த்துறை தெரிந்தது. அவள் நின்று யோசிக்கவில்லை.

குடல்வாலை அறுத்தெடுத்த மருத்துவர், "அரை மணி நேரம் பிந்தியிருந்தா ஆள் தேறியிருக்க மாட்டான்" என்றார். ஒரு வளைவைக் கடக்க அரை மணி நேரம் ஆகும்.

மத்தியானம் தாண்டி, ஒன்பதாவது வளைவில் வீடு கட்டியிருக்கும் கொழுந்தன் வாசிலெய், செய்தி கேட்டுப் படகில் வந்தான். தூங்கும் அண்ணனைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

"சேதி கேட்டதுமே வந்திருப்பேன் அண்ணி. வீட்டு முன்னாடி ஆத்தக் காணோம். வெறும் மணல். மத்தியானம்தான் திரும்பி வந்துச்சு."

ஒக்சின் மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த துண்டை அவன் கையில் வைத்தாள்.

"போறப்ப இத உன் வீட்டு முன்னாடி ஆத்துக்குக் குடுத்துடு."