பாட்டிலில் என்ன இருந்தது

முடிவு வர நாலைந்து மணி நேரமாகும், வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று உணவுப் பரிசோதனைக்கூட ஆய்வாளர் சொல்லியும் அந்தப் பெண் போகவில்லை. வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனக்கென்று சமைத்துக் கொண்டுவந்த டிபன் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

அவள் கொடுத்த பாட்டிலில் ‘சுத்தமான பாதாம் விழுது’ என்று ஒட்டியிருந்தது.

ஆய்வாளருக்கு இது அன்றாட வேலை. பாதாமோடு எதை அரைத்துச் சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நாக்கும் ஏமாந்துபோகும். மரபணுச் சோதனை ஏமாறாது. ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, மெஷினில் வைத்தார்.

டீ குடிக்க வெளியே வந்தபோது, கடைக்காரர்மேல் வழக்குப் போடப் போகிறீர்களா என்று பேச்சுக் கொடுத்தார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

கல்யாணமாகி மூன்று மாதம். கணவருக்கு முதல் மனைவி மூலம் ஒன்பது வயதில் ஒரு மகள். வேர்க்கடலை பிள்ளைக்கு அறவே ஆகாது. போன வாரம் ரொட்டியில் இந்த விழுதைத் தடவிக் கொடுத்தது இவள்தான். பத்தே நிமிடத்தில் உதடு தடித்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்ததே பெரிய காரியம்.

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவது மட்டும் மாமியார் என்று ஆகிவிட்டது.

ஆய்வாளர் பாதி டீயோடு உள்ளே திரும்பினார். பதினெட்டு வருட வேலையில், கலப்படம் இருந்துவிட வேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திரையில் கோடு மெல்ல மேலே ஏறியது. வேர்க்கடலை. மனசு கேட்காமல் இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார். அதேதான்.

அறிக்கையை அவள் வாங்கி வாசித்தாள்.

“அப்ப நான் இல்லையே, மேடம்?”

“நீங்க இல்லம்மா.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். ஜன்னல் வழியே ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்ட மகளை அழைத்துக்கொண்டு கணவர் வெளியே வந்து நின்றிருந்தார். அவள் பிள்ளையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

சிறுமி அதைப் பார்க்கவே இல்லை. சித்தியின் தோள்பையைத் துழாவினாள். காலையிலிருந்து திறக்காமலே கிடந்த டிபன் டப்பாவை வெளியே எடுத்தாள். திறந்தாள்.

அப்பா தடுப்பதற்குள் முதல் வாய் போட்டுக்கொண்டாள்.