காலி மனை

அந்த மாதம் புது வீடு கட்ட அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியது நகராட்சி எழுத்தர் மரகதவல்லியின் வேலை. நாற்பத்தோராவதாக வந்த கடைசிக் கோப்பில், அவள் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டின் முகவரி இருந்தது. கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. இணைத்திருந்த வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. நடுவில் ‘காலி மனை’ என்று எழுதியிருந்தார்கள்.

“சார், இங்க வீடு இருக்கு. காலையில அங்கதான் சோறு வடிச்சிட்டு வந்தேன்.”

பக்கத்து மேசையிலிருந்த கட்டட ஆய்வாளர் நிமிரவில்லை. “நேர்ல போய்ப் பாத்துட்டுதாம்மா கையெழுத்துப் போட்டிருக்கேன். மொத்தம் எத்தனைன்னு போட்டு அனுப்புங்க.”

நாற்பத்தொன்று என்று போட்டு அனுப்பினாள். சாயங்காலம் காலி மனையின் பூட்டைத் திறந்து, செருப்பை வாசலில் விட்டு, உள்ளே போய் உலை வைத்தாள்.