97343

பார்சல் வேன் டிரைவர் மூன்று கிலோமீட்டர் வீணாகச் சுற்றிவிட்டு மரநிழலில் வண்டியை ஓரங்கட்டுகிறார். மீட்டர் 97340-இல் நின்றிருந்தால், வெளியூரில் படிக்கும் மகள் பத்தால் வகுக்க ஆரம்பித்து மளமளவென்று காரணிகளாக உடைத்துப் போட்டுவிட்டுப் போனையும் வைத்துவிடுவாள். தினமும் இவர் மீட்டர் எண்ணைச் சொல்ல, அவள் உடைக்கும் இந்த விளையாட்டுதான். இன்று 97343. போனில் பேனா கீறும் சத்தம் மட்டும் வருகிறது.

"ரெண்டு, மூணு, ஏழு... எதாலயும் வகுபடல. எங்கப்பா பிடிச்சீங்க இந்தப் பிசாச?"

"மெதுவா பாரும்மா. எனக்கென்ன அவசரம்?"

பின்னால் நாற்பது பார்சல் காத்திருக்கிறது. இலைநிழல் ஸ்டீயரிங்கில் ஆடுகிறது. "முந்நூத்திப் பதினொண்ண முந்நூத்திப் பதிமூணால பெருக்கினா..." என்று அவள் முணுமுணுக்கிறாள். விடை வந்தால் அடியில் இரண்டு கோடு இழுப்பாள். இரண்டும் கேட்கின்றன.

"கிடைச்சிருச்சாம்மா?"

"இல்லப்பா. வெச்சிராதீங்க."