சிவப்புத் துணி

தோட்டத்துப் பாதையை முள்புதர்கள் அடைத்துவிட்டன. தோட்டக்காரி ஒரே ஒரு புதரில் மட்டும் சிவப்புத் துணியைக் கட்டி, "இது குருவிங்களுக்கு. மத்ததை வெட்டிடு" என்று அரிவாளிடம் சொல்லியிருந்தாள்.

காலையில் அரிவாள் போய்ப் பார்த்தால் எந்தப் புதரிலும் துணி இல்லை. அதற்கென்ன, எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு புதர்தான் பாக்கி.

"அண்ணே, எனக்குத்தான் துணி கட்டியிருந்தாங்க!" என்று கெஞ்சியது புதர்.

"எல்லாப் புதரும் இதையேதான் சொல்லுச்சு" என்று ஓங்கியது அரிவாள்.

முதல் கிளை விழுந்ததும் உள்ளே ஒரு கூடு தெரிந்தது. கொண்டைக்குருவி முட்டைகள்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடியில் மெத்தையாகச் சிவப்புத் துணி.

"அதை ஏன் அவிழ்த்தே?" என்று குருவியை அதட்டியது அரிவாள்.

"குளிருமேன்னு எடுத்தேன். உங்களுதா?"

அரிவாள் மெல்லத் தாழ்ந்தது.

"இருக்கட்டும். தோட்டக்காரம்மா கட்டினதைவிட நல்ல இடத்துலதான் கட்டியிருக்கே."