புதுக் காதுக்கு முதல் தட்டு

ஆரோவில் வெள்ளைக்காரரிடம் எலக்ட்ரானிக் இசைத்தட்டும் ப்ளேயரும் இரவல் வாங்கி வந்தேன். முன்பு கொண்டுவந்த தட்டுகளைப் போல இதுவும் தனக்குப் பிடிக்காவிட்டால் இனி அந்தப் ப்ளேயர் பெட்டி வீட்டுப் படியேறக் கூடாது என்பது மனைவி திரௌபதியின் உத்தரவு.

"புதுசாக் கேக்கறவங்க இதுலதான் ஆரம்பிக்கணும்" என்று தட்டைச் சுழலவிட்டேன்.

டுப்... டுப்... டுப்... சீரான தாளம் எழுந்தது. பெரிய வித்வான் மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினேன்.

"தெனம் கேட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள் திரௌபதி.

"உசந்த இசை அப்படித்தான் ஒட்டிக்கும். பிடிச்சிருக்குதா?"

"ரொம்ப!"

திடீரென்று தாளம் நின்றது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பக்கத்து உப்பளத்துல எங்கண்ணன் தண்ணி எறைக்கற இன்ஜினை நிறுத்திட்டாரு. நீங்க இன்னும் ஸ்பீக்கர் ஒயரே மாட்டலிங்க."

"அப்போ எது பிடிச்சுதாம்?"

"நீங்க தலையாட்டினது" என்று ஒயரை நீட்டினாள். "பாட்டைப் போடுங்க, தலையை நிறுத்திடாதீங்க."