ரெண்டாவது பாட்டில்

எண்பத்திமூணுல திருவண்ணாமலையில ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல நான் நர்ஸ். மூச்சுத் திணறுற பச்சைக் குழந்தைங்களுக்காக டாக்டர் ஆதிராஜ் அவரே ஒரு கருவி கட்டி வெச்சிருந்தார். சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்தா ட்யூப் வழியா ஆக்சிஜன் குழந்தை மூக்குக்குப் போவும். மிச்சம், தண்ணி ஊத்துன குளுக்கோஸ் பாட்டில்ல குபுகுபுன்னு குமிழி விடும். ஒரே சிலிண்டர்லருந்து ரெண்டு ட்யூப், ரெண்டு பாட்டில். செலவு ரொம்பக் கம்மி.

சில நாள் குழந்தை வர்றதுக்கு முன்னாடியே, சிலிண்டர் மூடியிருக்கும்போதே, பாட்டில் குமிழி விடும். நாங்க ஆராய்ச்சி எதுவும் பண்ணல. டீயைச் சீக்கிரம் குடிச்சிட்டு, தொட்டிலுக்கு மேல பல்பைப் போட்டுட்டு, வாசலைப் பார்ப்போம்.

ஒரு செவ்வாக்கிழமை ரெண்டு பாட்டிலும் குமிழி விட்டுது. கீழ்பென்னாத்தூர்லருந்து வேன்ல குசுமாவதின்னு ஒருத்தங்க வந்தாங்க. வழியிலேயே பொறந்த குழந்தை, ஒண்ணுதான். நீலமா இருந்துது. ட்யூப் வெச்சோம், சிவந்துது.

"குழந்தை ஒண்ணுதானே, இன்னொரு பாட்டில் ஏன் சிஸ்டர் நிக்கல?"ன்னார் டாக்டர்.

நான் குசுமாவதி வயித்துல கை வெச்சுப் பார்த்தேன். "படுங்கம்மா. உள்ள இன்னொண்ணு இருக்கு."

"ஐயோ, ஒரு பேர்தானே யோசிச்சு வெச்சேன்!"ன்னாங்க.

கால் மணி நேரத்துல அதுவும் வந்துது. அதுக்கும் ட்யூப் வெச்சோம். ரெண்டும் செக்கச்செவேல்னு ஆச்சு. டாக்டர் சந்தோஷத்துல எல்லாருக்கும் டீ சொல்லிட்டு, ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம்னு பார்க்கப் போனவர் அப்படியே நின்னுட்டார்.

குமிழிதான் வருதேன்னு நாங்க யாருமே சிலிண்டரைத் திறக்கல. சாவி அது பாட்டுக்குச் சுவத்து ஆணியில தொங்கிட்டிருந்துது.