விளம்பரம் இல்லாத பக்கம்

விளம்பரக் கம்பனியின் மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பிரியவதனி சிரித்தாள்.

அவளுடைய இணையத்தளத்தில் வரும் விளம்பரங்களை நோர்வேயில் ஒரு சின்ன ஊரிலிருந்து யாரோ அளவுக்கு மிஞ்சி அமத்தி அமத்தித் திறக்கிறார்களாம். ஒவ்வொரு அமத்தலுக்கும் காசு என்பதால் இது கள்ள வேலையாம், இப்படியே போனால் கணக்கை மூடிவிடுவார்களாம்.

யாரோ இல்லை. வினோஜா. அவளுடைய மகள், பத்து வயது.

நாலு வயதில் தகப்பன் சிவகரனோடு விமானம் ஏறியவள். பின்னால் உன்னையும் கூப்பிடுவேன் என்றுதான் சிவகரன் சொல்லிவிட்டுப் போனான். கூப்பிடவில்லை. அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பிள்ளையைத் தொலைபேசியில் கதைக்கவும் விடுவதில்லை.

அந்த ஊரில் பிரியவதனியின் ஊரான மடத்துவெளி ஆள் இன்னொருவர் இருந்தார், நாகபூசணி அக்கா. யாருடையதோ பிறந்தநாள் விழாவில் பிள்ளையைக் கண்டு, அம்மா உனக்காக ஒரு பக்கத்தில் எழுதுகிறா, போய்ப் பார் என்று காதுக்குள் சொல்லிவிட்டார்.

அவளுடைய இணையத்தளம்தான் அந்தப் பக்கம், மடத்துவெளி ஊர்ப் பக்கம். மரண அறிவித்தல், கோயில் கொடியேற்றம், எந்தக் கிணறு உவராகிவிட்டது, பூட்டிக் கிடக்கிற எந்த வீட்டின் கூரை விழுந்தது, எல்லாம் அதில் இருக்கும். ஊரில் சனம் இல்லை, ஊர்ப் பக்கத்தில் சனம் பிதுங்கும், அதுவும் யாராவது செத்தால். பரிஸ், ரொறன்ரோ, பேர்ண் என்று ஓடி வருவார்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தவறாமல் வருவது அந்தச் சின்ன ஊர் ஒன்றுதான். அங்கே பள்ளிக்கூடம் விட்ட நேரம், இங்கே பொழுதுபடும் நேரம்.

எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் அந்த ஊர்ப் பெயர் தெரிந்ததும் பிரியவதனி தேத்தண்ணியோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருப்பாள். பிள்ளையோடு ஒரே அறையில் இருப்பதாக நினைப்பு. அந்த வீட்டில் அவளுக்கு வேறு துணை இல்லை.

செத்த வீட்டுக்கும் கொடியேற்றத்துக்கும் நடுவில் பிள்ளைக்கென்றும் எழுதுவாள். தகப்பன் கண்டுபிடிக்காதபடி பெயர் போடமாட்டாள். ஆடு இரண்டு குட்டி போட்டதை எழுதுவாள். நீ விழுந்து முழங்காலை உரஞ்சிக்கொண்ட படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று எழுதுவாள்.

இப்போது கம்பனிக்காரன் இப்படிச் சொல்கிறான். பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்த வேலணை அனோஜனிடம் கேட்டாள். வழி இரண்டுதான் என்றான் அவன். அந்த ஊரிலிருந்து யாரும் பக்கத்துக்குள் வராமல் மறிக்கலாம், இல்லாவிட்டால் விளம்பரங்களை முழுதாக எடுத்துவிடலாம். எடுத்தால் காசு வராது. மறியுங்கோ அக்கா, ஒரே ஒரு ஆள்தானே என்றான்.

முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கிற சம்பளம் யாருக்கும் தெரியும். அவளுடைய அடுப்பு எரிந்தது விளம்பரக் காசில்தான்.

ஆனாலும் அவள் யோசிக்கவே இல்லை. அமத்தினால் அம்மாவுக்குக் காசு போகும் என்று யாரோ பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வயதில் அம்மாவுக்கு உழைத்துத் தந்திருக்கிறாள். பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

விளம்பரங்களை எடுத்தாள். பக்கத்தின் மேலே எழுதினாள், இனி ஒன்றும் அமத்த வேண்டாம் குஞ்சு, நீ வந்து வாசித்தாலே அம்மாவுக்குக் காணும் என்று.

அடுத்த நாள் அந்த ஊர் வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. போய்விட்டது.

அதற்குப் பிறகு வரவில்லை.

தகப்பன் கண்டுவிட்டானோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று பிரியவதனி சாப்பாடும் இறங்காமல் திரிந்தாள். சனிக்கிழமை நாகபூசணி அக்கா வாட்ஸ்அப்பில் எடுத்தார். பிள்ளை களவாகத் தன் வீட்டுக்கு வந்து நின்று அழுகிறாள், கெதியாகக் கதையும் என்று போனைக் கொடுத்துவிட்டார்.

ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது.

“அம்மா, நீங்கள் ஏன் எனக்கு எழுதுறதை விட்டிட்டீங்கள்?”

பிரியவதனி பதறிப்போனாள். நேற்றும் எழுதினேனே என்றாள்.

பிள்ளை விக்கி விக்கிச் சொன்னாள். தமிழ் வாசிக்க அவளுக்கு யாரும் பழக்கவில்லை. அந்தச் சுருள் சுருளான எழுத்தெல்லாம் பெரிய ஆட்களுக்கு என்று நினைத்திருந்தாள். நடுவில் பெட்டி பெட்டியாக நோர்வே மொழியில் வருவதுதான் அம்மா தனக்கு எழுதுவது என்று நம்பினாள். சைக்கிள் வேண்டும் என்று கணினியில் தேடிப் பார்த்தாள், அடுத்த நாளே அம்மா சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தா. குளிருக்குச் சப்பாத்துத் தேடினாள், அம்மா சப்பாத்தும் போட்டிருந்தா. அவள் என்ன நினைக்கிறாள் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் அமத்தினாள். தான் பார்த்துவிட்டது அம்மாவுக்குத் தெரியட்டும் என்று.

பிரியவதனிக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அங்கே என்ன விளம்பரம் போகிறதென்று ஒருநாளும் கண்டதில்லை. அவளுடைய கணினியில் வருவதெல்லாம் மோட்டார் சைக்கிள் லீசிங் விளம்பரம்தான்.

அது நான் இல்லைப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தாள். ஏலவில்லை.

“நாளைக்கு எழுதுறன், குஞ்சு.”

அனோஜனைக் கூப்பிட்டு விளம்பரங்களைத் திரும்பவும் போடச் சொன்னாள். கம்பனி கணக்கை மூடுமட்டும் நிற்கட்டும் என்றாள்.

நாளைக்கு அந்தப் பெட்டிகளில் பிள்ளையிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.